மயில் சிமிழ் போன வழி

கனகவல்லி என்ற பெயர் அப்பா ராமநாதனின் வேண்டுதல். மராட்டிச் சீமையில், மகர்பட்டாவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அந்தப் பெயரை நாக்குச் சுளுக்காமல் சொல்லத் தெரிந்தவர்கள் சொற்பம். பள்ளிக்கூடத்தில் அவள் கனக். வாட்ச்மேனுக்குக் கனக் பேபி. அப்பாவுக்கு மட்டும் இன்ஸ்பெக்டரம்மா. சாகண் தொழிற்சாலையிலிருந்து அலுத்துச் சலித்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு என்ன கேஸ், இன்ஸ்பெக்டரம்மா?" என்று கேட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

பத்து வயதுக்கு அந்தப் பட்டம் அதிகம் என்று அம்மா சந்திரிகா வெளியே சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் அவளும் ஒப்புக்கொண்ட விஷயம்தான். போன வருஷம் கணபதி உற்சவத்தில் ஆரத்திக்கு முன்பே மோதகம் குறைந்துகொண்டே வந்தது. சொசைட்டி செயலாளர் கட்டடத்துப் பையன்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி மிரட்டினார். கனகவல்லி அந்த வரிசைப் பக்கமே போகவில்லை. ஓரமாகச் சாத்தி வைத்திருந்த ஒரு கைத்தடியின் பிடியில் தேங்காய்ப் பூரணம் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள், அவ்வளவுதான். திருடியவர் செயலாளரின் சொந்த அப்பா. சர்க்கரை வியாதிக்காரர். சபையில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கலாம். அவள் வாங்கவில்லை. கிழவரிடம் தனியாகப் போய், "தாத்தா, இன்சுலின் போட்டுண்டாச்சா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து மோதகம் குறையவில்லை.

கண்டுபிடித்தது கூடப் பெரிசில்லை, கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இந்தக் குட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றுதான் சந்திரிகா ஆச்சரியப்படுவாள். தான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து நவராத்திரியில் ஏழாவது மாடி ரமாவின் வைரத்தோடு காணாமல் போயிற்று.

ரமாவும் சந்திரிகாவும் உடன்பிறவாச் சகோதரிகள் மாதிரி. ரமாவின் கணவர் சூர்யநாராயணனுக்கு வங்கியில் உத்தியோகம். தோடு ரமாவின் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது, ஏழு கல், அசல் ப்ளூ ஜாகர் என்று அவள் சொல்லிக் கேட்காத காது அந்தக் கட்டடத்தில் கிடையாது. நவராத்திரி இரண்டாம் நாள் கொலுவுக்குப் பெண்டுகள் வந்து போகிற நடுவில் பட்டுப் புடவைக்குப் பொருத்தமாக ஜிமிக்கி போட்டுக்கொண்டாள். அப்புறம் வீடு வீடாகக் கொலுப் பார்க்கப் போகும் அமர்க்களத்தில் அந்த வாரம் முழுக்க ஜிமிக்கியிலேயே திரிந்தாள். வியாழக்கிழமை தோட்டைத் தேடினால் ட்ராயரில் இல்லை. பீரோவில் இல்லை. எங்குமே இல்லை.

அன்றைக்குப் படுக்கையறையைப் பெருக்கியவள் ஷேவந்தா. ரமா வீட்டிலும், சந்திரிகா வீட்டிலும், ஒன்பதாவது மாடியில் ப்ரீத்தி வீட்டிலும் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துப் பிழைக்கிற மராட்டிக்காரி. ரமா யோசிக்கவே இல்லை. செயலாளருக்கு இன்டர்காமில் சொல்லிவிட்டாள். அவர் உடனே ஷேவந்தாவின் கேட் பாஸை நிறுத்திவிட்டார். சரஸ்வதி பூஜைக்குள் தோடு கிடைக்காவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு கட்டடத்தில் திருடி என்று பெயர் வாங்கினால் அக்கம்பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன்களுக்கெல்லாம் சாயந்திரத்துக்குள் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பேட்டையிலேயே அவளுக்கு ஒரு வாசற்படி கிடைக்காது.

பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கிய மகளை அழைத்துவரச் சந்திரிகா கீழே போனபோது, கேட்டில் ஷேவந்தாவின் பையைத் தரையில் கவிழ்த்திருந்தார்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாற்றுப் புடவை. போகிற வருகிற கார்க்காரர்களெல்லாம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். ஷேவந்தா அழவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். சந்திரிகாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கனகவல்லி பள்ளிக்கூடப் பையோடு மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தூசி தட்டி ஷேவந்தாவின் பையில் போட்டாள்.

"மௌஷி, நீ ஆத்துக்குப் போ. நான் பாக்கறேன்" என்று மராட்டியில் சொன்னாள். மௌஷி என்றால் சித்தி. ஷேவந்தாவை அவள் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

அன்று சாயந்திரமே, சுண்டல் கொடுக்கிற சாக்கில் அம்மாவை இழுத்துக்கொண்டு ரமா வீட்டுக்குப் போனாள்.

"ட்ராயர்லதான்டி வெச்சேன். எப்பவும் அங்கதான் வைப்பேன்" என்றாள் ரமா. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"எப்பவுமா, மாமி? நீங்க தோட்டைக் கழட்டி நான் பாத்ததே இல்லையே. ஸ்விம்மிங் பூல்ல கூட போட்டுண்டுதானே இருந்தேள்?"

உண்மைதான். கல்யாணமான நாளாகக் காதை விட்டு இறங்காத தோடு அது. கழற்றி வைக்கிற பழக்கமே இல்லாதவளுக்கு எப்பவும் வைக்கிற இடம் ஏது?

கனகவல்லி அதற்குமேல் அதைத் துளைக்கவில்லை. கண்ணாடி மேஜையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பவுடர் டப்பாவுக்கும் ஊக்குக் கொத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் குங்குமப் பொட்டலம் கிடந்தது.

"இது என்ன மாமி?"

"அதுவா, தாம்பூலத்துக்குன்னு துளசி பாக் கடைத்தெருல மயில் சிமிழ் வாங்கினேனே, அதுக்குள்ள போடற குங்குமம். வெறும் சிமிழைக் குடுக்கப்படாதுன்னு ஒவ்வொண்ணுலயும் நானே ஒரு பொட்டலம் போட்டு மூடினேன்."

"எக்ஸ்ட்ரா பொட்டலம் வாங்கினேளா?"

"இல்லையே. சிமிழுக்கு ஒண்ணுன்னுதான் வாங்கினேன்."

மிச்சமிருந்த சிமிழ்கள் கட்டிலுக்கடியில் ஒரு பையில் இருந்தன. பித்தளை முலாம், கண்ணுக்குப் பச்சைக் கல், மூடினால் டக்கென்று சத்தம். கனகவல்லி கட்டிலடியில் நுழைந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் பொட்டலம் இருந்தது. ஒட்டடை படிந்த தலையோடு வெளியே வந்து, மேஜைமேல் கிடந்த மாமியின் கேமராவில் கொலு ஃபோட்டோக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தேங்க்யூ மாமி" என்றாள். சுண்டல் கிண்ணத்தை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

லிஃப்டில் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, ஒரு சிமிழ் பொட்டலம் இல்லாம போயிருக்கு. உள்ள இடம் பண்றதுக்காகத்தானே பொட்டலத்தை வெளில எடுத்திருப்பா? மாமி தோட்டைக் கழட்டிக் கைல வெச்சிண்டிருக்கறச்சே பெல் அடிச்சிருக்கு. பக்கத்துல இருந்த சிமிழ்ல போட்டு மூடிட்டு ஓடி வந்திருக்கா. அப்புறம் தாம்பூலம் குடுக்கற அவசரத்துல அதே சிமிழை எடுத்துப் பைல போட்டுட்டா."

சந்திரிகாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. போலீஸ்காரன் வந்திருந்தால் ஷேவந்தாவின் கூரையைப் பிரித்திருப்பான். இவள் ஒரு பொட்டலத்தைப் பார்த்து முழுசையும் சொல்லிவிட்டாள். "யாருக்குப் போச்சு அந்த சிமிழ்?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு பெல் அடிச்சது நான்தான்மா. மாமி ரொம்ப நேரம் கதவைத் திறக்கல, நான் மறுபடி மறுபடி அடிச்சேன், நீ திட்டினே. மாமியோட கேமரால பாத்தேன். நமக்கு முன்னாடி வந்தவா ஃபோட்டோல மாமி காதுல தோடு இருக்கு. நான் பாடற ஃபோட்டோல ஜிமிக்கி." கொஞ்சம் நிறுத்தினாள். "நம்மாத்துக்குத்தான் வந்திருக்கு. அந்த சிமிழ் எங்கம்மா?"

"பூஜை அலமாரில இருக்கும்" என்றாள் சந்திரிகா.

"இல்லை. நேத்திக்குத் தீப்பெட்டி எடுக்கறச்சே பாத்தேன்."

சந்திரிகாவின் முகம் சுருங்கியது.

இங்கே ஒரு சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். தாம்பூலப் பையில் வருகிற ரவிக்கைத் துணியை யாராவது தைத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? அது தைப்பதற்காகப் பிறந்த துணியே இல்லை. மகர்பட்டாவில் புறப்பட்டுக் கேம்ப் பேட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பேட்டை, இன்னொரு வீடு என்று ஊர்கோலம் போய்க்கொண்டே இருக்கும். சிமிழ், சீப்பு, கண்ணாடி, ப்ளாஸ்டிக் கூடை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எல்லாப் பெண்டுகளுக்கும் இது தெரியும். ஒருத்தி வாயிலிருந்தும் வராது. "நீ குடுத்ததை நான் இன்னொருத்திக்குத் தள்ளிவிட்டேன்" என்று சொல்வதை விட, உன் வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.

"ஜம்புநாதன் மாமி நம்மாத்துக்கு வந்தாளே" என்றாள் சந்திரிகா, லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு. "கைல வேற ஒண்ணும் அகப்படலை. மாமிக்குக் குடுத்துட்டேன்."

மகள் சிரிப்பாள் என்று நினைத்தாள். கனகவல்லி சிரிக்கவில்லை. "சரி, நாளைக்குக் கேம்ப் போகலாம். நான் பாடறேன்" என்றாள்.

ஜம்புநாதன் மாமி கேம்பில் குடியேறி ஒரு தலைமுறை ஆயிற்று. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மனைவி. தமிழும் இந்தியும் அவள் வாயில் ஒரே குழம்பாகக் கொதிக்கும். "அரே, வாங்கோ வாங்கோ! பைட்டோ, உக்காருங்கோ! கனக், ஒரு பாட்டு பாடு பேட்டி" என்று வரவேற்றாள். கனகவல்லி பாடினாள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. சந்திரிகா மெல்லப் பேச்சைக் கொண்டுபோனாள்.

"மாமி, நான் குடுத்த மயில் சிமிழ் பிடிச்சுதா?"

"பஹுத் சுந்தர்! பீரோல பத்திரமா வெச்சிருக்கேன். சாவி மாட்டுப்பொண் கிட்ட இருக்கு. அவ ஆபீஸ் போயிருக்கா."

சொல்லும்போது மாமி கொலுவில் இருந்த செட்டியார் பொம்மையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சந்திரிகாவுக்கு உடனே சந்தேகம் வந்தது. மாமி சிமிழைத் திறந்து பார்த்திருப்பாளோ? வைரத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு தடுமாறாது?

திரும்பும்போது ஆட்டோவில் அதைச் சொன்னாள். கனகவல்லி தலையை ஆட்டி மறுத்தாள். "நேத்திக்கு லிஃப்ட்ல 'பூஜை அலமாரில இருக்கும்'னு சொன்னியே, அப்போ உனக்கு எப்படி மூஞ்சி இருந்துதோ அதே மூஞ்சிதான் மாமிக்கும். அது திருட்டு மூஞ்சி இல்லம்மா. சிமிழ் அங்க இல்லை, மாமியும் யாருக்கோ குடுத்துட்டா."

"யாருக்குன்னு எப்படிடி கண்டுபிடிக்கறது? நவராத்திரிக்கு அவாத்துக்கு ஊரே வரும்."

"ஊருக்குக் குடுக்க முடியாது. குடுத்தவாளுக்கே திருப்பிக் குடுக்கப்படாது. அது வந்ததைப் பாத்தவாளுக்கும் குடுக்கப்படாது. ரமா மாமி ஆத்துக்கு வந்தவா எல்லார்கிட்டயும் அதே மயில் இருக்கு, அவாளுக்குக் குடுத்தா மாட்டிப்போம்னு பயமா இருக்கும். நம்மள்ல யாரும் பாக்காத ஒரு ஆளா இருக்கணும். புதுசா." விரலை மடக்கிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "ப்ரீத்தி ஆன்ட்டி! ஜம்புநாதன் மாமியோட பிள்ளையும் அவாளும் ஒரே ஆபீஸ். ரமா மாமி கொலுவுக்கு அவா வரலை."

வருஷக்கணக்காகத் தான் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு இத்தனை சட்டதிட்டம் இருக்கிறது என்பது சந்திரிகாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. ஆட்டோக்காரனிடம் "என் பொண்ணு" என்று சொல்ல வேண்டும்போல நாக்கு துறுதுறுத்தது.

ப்ரீத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் இல்லை, அதனால் தாம்பூல அரசியலும் தெரியாது. கேட்டதும் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"ஆமாங்க்கா, ஜம்புநாதன் ஆன்ட்டி ஒரு மயில் டப்பா குடுத்தாங்க. எனக்கு எதுக்குங்க அது, நான் ஸ்டிக்கர் பொட்டுத்தான வெக்கிறேன்? புதங்கிழமை ஷேவந்தாக்காவுக்குக் குடுத்துட்டனுங்க. நல்லாருக்குன்னு பாத்துட்டே இருந்தாங்க. ஏனுங்க்கா?"

சந்திரிகாவுக்குத் தலை சுற்றியது. கடைசியில் தோடு ஷேவந்தா வீட்டில்தான் இருக்கிறதா? தாங்கள் தேடிய வழியெல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறதே!

"திறந்து பாத்து எடுத்துண்டிருந்தா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"எடுத்துண்டவ வியாழக்கிழமை ரமா மாமி ஆத்துக்கு வேலைக்கு வருவாளா? வந்தா. பாட்டு பாடிண்டே பாத்திரம் தேச்சான்னு ரமா மாமியே கம்ப்ளெயின்ட்ல சொன்னா, தைரியத்தைப் பாருன்னு. மௌஷி சிமிழைத் திறக்கவே இல்லம்மா."

"அப்போ வா, இப்பவே ரமா கிட்டச் சொல்லிடலாம்." சந்திரிகா லிஃப்ட் பட்டனை அமுக்கப் போனாள். மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன சொல்லுவே? தோடு ஷேவந்தா ஆத்துல இருக்குன்னா? மாமி மீதியைக் கேக்கவே மாட்டா. 'பாத்தியா, நான் சொன்னேன் இல்லையா'ன்னு செக்ரட்டரிக்கு ஃபோன் பண்ணுவா. சிமிழ், பொட்டலம், பெல், எல்லாம் மௌஷியைக் காப்பாத்த நாம கட்டின கதைன்னு ஆயிடும்."

சந்திரிகாவின் கை அப்படியே நின்றது. ரமாவை அவளுக்குத் தெரியும். அப்படித்தான் நடக்கும்.

"முதல்ல இருந்து வரணும்மா. நீ சொல்லணும், அப்புறம் ஜம்புநாதன் மாமி, அப்புறம் ப்ரீத்தி ஆன்ட்டி. அவாவா வாயால. நான் சொன்னா ஸ்டோரி மாதிரி இருக்கும். நீங்க சொன்னா விட்னஸ்."

"எல்லார் எதிர்லயுமா?"

"எல்லார் எதிர்லயும்தானே மௌஷியோட பையைக் கொட்டினா?"

சரஸ்வதி பூஜை சாயந்திரம் ரமா வீட்டில் கொலுவுக்கு எதிரே ஜமக்காளம் நிறைந்திருந்தது. ஜம்புநாதன் மாமி வந்திருந்தாள். ப்ரீத்தியைச் சந்திரிகாவே வற்புறுத்தி அழைத்து வந்தாள். சூர்யநாராயணன் ஒரு ஓரத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பூஜை முடிந்ததும் செயலாளரோடு போலீஸ் ஸ்டேஷன் போவதாகத் திட்டம். ரமா பட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் முகத்தில் களையே இல்லை.

கனகவல்லி நடுவில் எழுந்து நின்று, குங்குமப் பொட்டலத்தில் ஆரம்பித்துக் கடகடவென்று சொன்னாள். எப்பவும் என்று ஒரு இடமே இல்லாததை, கதவு திறக்கத் தாமதமானதை, ஃபோட்டோவில் மாறிய காதணியை. சூர்யநாராயணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். ரமாவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. "ஐயோ, ஆமாம்! பெல் அடிச்சுதே! கைல வெச்சிண்டு நின்னேனே!" என்று கூவினாள். "அப்போ... அப்போ அந்த சிமிழ்..."

கனகவல்லி பேச்சை அதோடு நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

சந்திரிகா எழுந்தாள். மேடையேறிப் பேசுகிறவள் இல்லை அவள். இந்த வீட்டில் இத்தனை வருஷம் சம்பாதித்த நல்ல பேர் போகப் போகிறது என்று தெரிந்தே பேசினாள். "ரமா, அது எனக்கு வந்துது. ஆனா எங்காத்துல இல்லை. நீ ஆசையாக் குடுத்ததை நான் மறுநாளே ஜம்புநாதன் மாமிக்குக் குடுத்துட்டேன்."

ரமாவின் கண்ணில் அடிபட்ட மாதிரி ஒரு பார்வை. வைரம் போனதை விட இது சுருக்கென்று தைத்துவிட்டது போல இருந்தது. ஜம்புநாதன் மாமி முதலில் விட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டாள்.

"க்யா கரூம், என்ன பண்றது, சந்திரிகாவே சொல்லிட்டா, கிழவி நான் பொய் சொல்லப்படாது. பீரோவும் இல்லை, சாவியும் இல்லை. இந்தப் பொண்ணு புதுசா வந்திருக்கா, தெரியாதுன்னு இவ பைல போட்டுட்டேன்" என்று ப்ரீத்தியைக் காட்டினாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டது. ரமாவே தாங்க முடியாமல் சிரித்து, "மாமி, போன வருஷம் உங்களுக்கு நான் குடுத்த பச்சை ரவிக்கைத்துணி இருக்கே, அது சந்திரிகா எனக்குக் குடுத்தது!" என்றாள். ஜமக்காளமே குலுங்கியது. இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே கொட்டியது. யார் வீட்டுக் கூடை யார் வீட்டில் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபோது ப்ரீத்தி சொன்னாள். "நான் புதங்கிழமை ஷேவந்தாக்காவுக்குக் குடுத்தேனுங்க. என் கையால நான்தான் குடுத்தேன். அவங்க கேக்கக்கூட இல்லைங்க."

ரமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தச் சிமிழ் கைமாறிய ஒவ்வொரு இடத்துக்கும் இப்போது ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருந்தது. தன் கையில் தொடங்கியது, தன் தோழியின் கை, மாமியின் கை, ப்ரீத்தியின் கை. அதில் ஒரு திருடியைச் செருக எங்கேயும் இடம் இல்லை. ரமா அப்படியே கொலுப் படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சந்திரிகா மகளைப் பார்த்தாள். அவள் ஜெயித்த முகத்தோடு நிற்கவில்லை. ரமா மாமி என்ன செய்யப் போகிறாள் என்று கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயிற்றிலா இது பிறந்தது என்று சந்திரிகாவுக்குத் தோன்றியது.

சூர்யநாராயணன் செயலாளரைக் கூப்பிட்டுப் புகாரை வாபஸ் வாங்கினார். ரமாவும் சந்திரிகாவும் கனகவல்லியும் அந்தப் பட்டுப் புடவைகளோடேயே ஆட்டோ பிடித்து ஹடப்ஸரில் ஷேவந்தா இருக்கிற சந்துக்குப் போனார்கள்.

ஒற்றை அறை. மூலையில் தேவியின் கலசம், அதைச் சுற்றி மண்ணில் முளைவிட்ட நவதானியம், மேலே தொங்கும் சாமந்தி மாலை. கலசத்துக்கு முன்னால் மயில் சிமிழ், பச்சைக் கண்ணோடு. புதுச் சாமானைத் தசராவன்று எடுத்துப் புழங்கலாம் என்று வைத்திருந்தாளாம். கனகவல்லி விஷயத்தைச் சொன்னாள். ஷேவந்தாவின் முகம் வெளுத்தது. "நான் திறக்கவே இல்லை, தேவி மேல ஆணை" என்று பின்னால் நகர்ந்தாள்.

"தெரியும் மௌஷி. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவா வாயாலயே சொல்லியாச்சு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் கனகவல்லி.

ஷேவந்தா சிமிழைத் திறந்தாள். தோடு இரண்டும் திருகாணியோடு உள்ளே கிடந்தன. சிறிது நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் மூடினாள். வந்தவர்கள் இரண்டு சுமங்கலிகள், ஒரு சின்னப் பெண், நவராத்திரி நாள். மூன்று பேருக்கும் நெற்றியில் மஞ்சள் குங்குமம் இட்டாள். ரமாவுக்கும் முகம் சுளிக்காமல்தான் இட்டாள். சிமிழை இரண்டு கையாலும் ரமாவிடம் நீட்டினாள்.

"ஷேவந்தா, நாளைலேர்ந்து வந்துடு. நான் செக்ரட்டரி கிட்டச் சொல்லியாச்சு" என்றாள் ரமா, உடைந்த இந்தியில்.

"சந்திரிகா தாயி வீட்டுக்கு வரேன். ப்ரீத்தி தாயி வீட்டுக்கு வரேன். உங்க வீட்டுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க, தாயி." ஷேவந்தா குரலை உயர்த்தவில்லை. மராட்டியில் மரியாதை குறையாமல் சொன்னாள்.

ரமா சிமிழை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வைரம் கிடைத்தவள் மாதிரியே இல்லை. ஆட்டோ கிளம்பும் நேரத்தில் கனகவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"கனகா, நீ சொன்னா அவ கேப்பாடி. நீ எதுவானாலும் கண்டுபிடிப்பியே. அவளை எப்படி வரவழைக்கறதுன்னு சொல்லேன்."

கனகவல்லி நிஜமாகவே யோசித்தாள். புருவத்தைச் சுருக்கி, கேஸ் யோசிக்கிற அதே முகத்தோடு.

"தோடு ஒரு இடத்துல இருந்துது மாமி, அதனால கண்டுபிடிச்சேன். இது அப்படி இல்லை. நீங்க போய் சாரி சொல்லவே இல்லையே."

ரமா ட்ரைவரிடம் நிறுத்தச் சொன்னாள். கையில் இருந்த சிமிழைக் கனகவல்லியின் மடியில் போட்டுவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்துக்குள் தனியாகத் திரும்பி நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெயிட்டிங்குக்கு எக்ஸ்ட்ரா ஆகும் என்று ஆட்டோக்காரன் முணுமுணுத்தான். சந்திரிகா அவனுக்குத் தலையசைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"ஷேவந்தா ஒத்துப்பாளாடி?"

"தெரியலைம்மா" என்றாள் கனகவல்லி. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைச் சந்திரிகா கேட்டது அதுதான் முதல் தடவை. வைரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சமும் லட்சியம் செய்யாமல், பத்து வயசுப் பெண் சந்தின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரிகா அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இருவரும் காத்திருந்தார்கள்.